ஒன்றரை அடிக்கு இந்தப் பக்கம்

செம்பாக்கத்தில் அந்தத் தெருவுக்குள் மழைக்காலத்தில் வண்டி வருவது லேசான காரியமில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்த பார்சல்காரன் பைக்கைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, அட்டைப் பெட்டியை மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்தே வந்தான். கேட்டைத் தட்டி, "எட்மண்ட் சார்!" என்று இரண்டு முறை கூப்பிட்டான்.

உள்ளே ஹாலில் உட்கார்ந்திருந்த எட்மண்டுக்கு அது தன்னுடைய பெயர் என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

பதினோரு மாதமாக அவர் இப்படித்தான் இருந்தார். வயது அறுபத்திரண்டு. பொதுப்பணித்துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் அறைக்குள் நுழைந்தால் அதன் நீள அகலத்தைக் கண்ணாலேயே சொல்லக்கூடியவர். அவருக்கு இருந்த ஒரே பழக்கம் போட்டோ. சபையில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், ஞானஸ்நானம் என்றாலும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவார். சாவு வீட்டுக்குக் கட்டாயம் போவார். அடக்கத்துக்கு எடுத்துப் போகும்முன் பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தார் நின்று எடுத்துக்கொள்ளும் படத்தை எடுக்க மற்றவர்களுக்குக் கை வராது. இவருக்கு வரும். "கண்ணுல கேமராவ வெச்சுகிட்டா உள்ள ஒண்ணும் எறங்காது" என்பார்.

போன டிசம்பரில் மனைவி சரோஜினி இறந்தபோது அந்தப் படத்தையும் அவரேதான் எடுத்தார். இதே ஹாலில். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியில் ஆவி படர்ந்திருந்தது. துண்டால் துடைத்துவிட்டு, எட்டடி பின்னால் போய் நின்று, ஃபோகஸ் பார்த்து எடுத்தார். கை நடுங்கவில்லை. கண்ணீரும் வரவில்லை. அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் கேமரா கை நழுவித் தரையில் விழுந்தது. லென்ஸ் இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகு அவருக்குள் எதுவுமே வரவில்லை. பசி வரவில்லை, கோபம் வரவில்லை. மீன் குழம்பும் வெறும் சோறும் நாக்குக்கு ஒன்றாக இருந்தன.

புது லென்ஸுக்கு ஆர்டர் போட்டவள் மகள் அபிகாயில். அவளுக்கு ஐதராபாத்துக்கு வேலை மாற்றம் வந்து, இரண்டு முறை தள்ளிப் போட்டிருந்தாள். இனித் தள்ள முடியாது. நவம்பர் கடைசியில் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

"நீங்க மறுபடி ஒரு படம் எடுக்கறதப் பாத்துட்டேன்னா நிம்மதியா வண்டி ஏறுவேன்ப்பா," என்று சொல்லிக்கொண்டே அவள் பெட்டியைப் பிரித்தாள்.

எட்மண்ட் லென்ஸைக் கேமராவில் பொருத்தினார். அபிகாயில் ஜன்னலோரம் போய் நின்று, முடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். எட்டடி தூரம். லென்ஸுக்குள் மோட்டார் மெல்லச் சுழன்று நின்றது. பட்டனை அழுத்தினார்.

படத்தில் அபிகாயில் பனிக்குள் நிற்பவளைப்போல மங்கியிருந்தாள்.

"ஆடிட்டீங்களாப்பா?"

"இல்ல."

இன்னொரு முறை எடுத்தார். அதுவும் அப்படியே. அவளுக்கு முன்னால், வெறும் காற்றில், ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்த தூசு மட்டும் ஊசி முனைபோலத் தெளிவாக விழுந்திருந்தது. படத்தின் இடது ஓரத்தில் தூசைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு வெள்ளைத் துகள்கள். அவ்வளவுதான்.

"ஃபோகஸ் ஆளு மேல விழாம முன்னாடி விழுது. லென்ஸ்ல கோளாறு," என்றார் எட்மண்ட். "திருப்பி அனுப்பிடு."

கோளாறு என்றால் விற்ற கம்பெனியில் அத்தாட்சி கேட்பார்களாம். மறுநாள் காலை எட்மண்ட் சமையலறை அலமாரியிலிருந்து சரோஜினியின் தூள் டப்பாக்கள் எட்டை எடுத்துவந்து, ஹால் தரையில் சாக்கட்டியால் அடிக்கு ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு ஒன்றாகச் சாய்வரிசையில் வைத்தார். கேமராவைத் தாங்கியில் நிறுத்தினார். பல மாதத்துக்குப் பிறகு அப்பா குனிந்து நிமிர்ந்து ஒரு வேலை செய்வதை அபிகாயில் காபியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டாவது டப்பாவைக் குறி வைத்தார். தெளிவாக விழுந்தது ஆறாவது.

"ரெண்டடி முன்னாடி," என்றார்.

சாயங்காலம், சரிபார்ப்பதற்காக, அதே கோடுகளில் அதே டப்பாக்களை வைத்து மறுபடியும் எடுத்தார். தெளிவாக விழுந்தது ஐந்தாவது.

அவர் சற்று நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். கெட்டுப்போன லென்ஸ் எப்போதும் ஒரே அளவில்தான் தப்புச் செய்யும். வளைந்த அளவுகோலைப்போல. இது காலைக்கும் மாலைக்கும் இடையில் ஓரடி முன்னால் வந்திருந்தது.

ஹாலில் எங்கிருந்தோ லேசாக, சாவு வீட்டில் உடல்மேல் தெளிக்கும் யூடிகொலோன் வாசனை அடித்தது. பதினோரு மாதத்தில் அவர் மூக்குக்கு எட்டிய முதல் வாசனை அதுதான்.

அபிகாயில் நான்கு படங்களை இணைத்து, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு விண்ணப்பம் அனுப்பினாள். திங்கட்கிழமை ஆள் வந்தான். கொண்டுவந்து கொடுத்த அதே ஆள். பெயர் சுகுமார், பல்லாவரத்துக்காரன்.

"இன்னா சார், புச்சாத்தானே கொண்டாந்து குட்த்தேன். அதுக்குள்ள ரிட்டனா?"

"ஃபோகஸ் சரியில்லப்பா."

சுகுமார் வாசற்படிக்குள் வந்து, லென்ஸை முன்னால், பின்னால், அடியில் இருக்கும் எண் என்று தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டான். பெட்டியை ஒட்டிப் பைக்குள் வைத்தான். கிளம்பாமல் ஹாலுக்குள் ஒரு பார்வை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. வூட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"ஐஸ் பொட்டி ஓடற சத்தம் கேக்குதே. அதான்."

"ஃப்ரிட்ஜ் சத்தம்ப்பா அது."

"ஓ," என்று தலையாட்டிவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே அவன் இறங்கிப் போனான்.

எட்மண்ட் கதவைச் சாத்தினார். தலைக்கு மேல் மின்விசிறி அசையாமல் தொங்கியது. காலை ஒன்பது மணியிலிருந்து தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

சத்தம் மட்டும் இருந்தது.

அடித்தொண்டையில் யாரோ ம்ம் என்று முனகிக்கொண்டே இருப்பதுபோல, தரையிலிருந்து பாதம் வழியாக ஏறும் சத்தம். அதை இரண்டு இரவு, ஒரு பகல் இதே இடத்தில் உட்கார்ந்து கேட்டவர் அவர். சுகுமாரின் பைக் தெருமுனையில் உதைத்துக் கிளம்பிய ஓசை வந்தது. அந்த நொடியில் அது நின்றது.

பயப்பட வேண்டும் என்று எட்மண்டுக்குத் தோன்றியது. காத்திருந்து பார்த்தார். பயம் வரவில்லை.

மூன்று நாள் ஒன்றுமில்லை. மழை பெய்தது. அபிகாயில் வேலைக்குப் போய் வந்தாள், பெட்டி கட்டினாள். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எட்மண்டின் போன் அடித்தது.

"வணக்கம் சார், உங்க ரிட்டர்ன் விஷயமா பேசறேன். என் பேர் ஸ்ரீவித்யா. எங்க குடோன்ல லென்ஸை டெஸ்ட் பண்ணிட்டாங்க சார். குறை எதுவும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அதனால உங்களுக்கே திருப்பி அனுப்பறோம்."

"போட்டோ அனுப்பியிருந்தமேம்மா. பாத்தீங்களா?"

"இப்பவும் என் ஸ்க்ரீன்ல அதுதான் சார் இருக்கு. நாலு போட்டோ. ஃபோகஸ் கரெக்டாத்தானே விழுந்திருக்கு?"

"எங்கம்மா கரெக்ட்? என் பொண்ணு மூஞ்சியே தெரியலையே."

"மேடம் பின்னாடி நிக்கறாங்க சார், அவங்க மங்கலாத்தான் இருப்பாங்க. முன்னாடி நிக்கறாரே, அவர் மேல கரெக்டா விழுந்திருக்கு. புருவ முடியக்கூட எண்ணிடலாம் போல இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே மழைத்தண்ணீர் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு நிக்கறா?" என்றார் எட்மண்ட்.

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை நின்றது.

"இடது ஓரமா ஒருத்தர் நிக்கறாரே சார். உங்க வீட்டுப் பெரியவர்னு நெனச்சேன். கண்ண மூடிகிட்டு இருக்கார்."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. ஒரு அம்மாவா? குள்ளமா, சுருட்டை முடியா?"

அதைக் கேட்டபோதுதான் தனக்குள் ஒரு நப்பாசை இருந்ததே அவருக்குத் தெரிந்தது.

"இல்ல சார். ஆம்பளைதான்." அவள் குரல் இப்போது மிகவும் தணிந்திருந்தது. "சார், இந்த நாலு போட்டோவும் வரிசையாப் பாத்தா... ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் கிட்ட வந்திருக்கார் சார்."

பிறகு அவள் யாரிடமோ ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

எட்மண்ட் அபிகாயிலின் மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்தார். வெள்ளிக்கிழமை எடுத்த முதல் படம். மங்கலான மகள். இடது ஓரம். எந்த ஆளும் இல்லை. சுவரும் காலண்டரும் மட்டுமே இருந்தன. அந்த இரண்டு வெள்ளைத் துகள்கள் மேல் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

தூசு இல்லை.

பஞ்சு.

சிறு உருண்டையாகத் திரட்டி உள்ளே அழுத்திவைத்த பஞ்சு. நார் நாராகத் தெரிந்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் அரை அங்குலம் இருக்கும். முப்பது வருஷமாகச் சவப்பெட்டிகளுக்கு முன்னால் நின்றவருக்கு, அந்த அளவில், அந்த இடைவெளியில் இரண்டு பஞ்சு எங்கே வைக்கப்படும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூக்கின் இரு துளைகளில்.

அவர் செய்தது வேறு யாரும் செய்யாதது. பழைய வரைபலகையை எடுத்து, தாளைக் குத்தி, பென்சிலைச் சீவி, அந்த ஹாலின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை அளவோடு வரைந்தார். கேமரா அவர் கண்ணுக்கு நேராக இருந்த உயரம் தெரியும். முதல் நாள் ஃபோகஸ் விழுந்த தூரம், தூசு தெளிவாகத் தெரிந்த இடத்தை வைத்துப் பார்த்தால், ஆறடிக்குக் கொஞ்சம் மேல். படத்தில் பஞ்சு இருந்த இடம் தெரியும். கோட்டை இழுத்தால் உயரம் வந்துவிடும்.

ஐந்தடி மூன்று அங்குலம்.

சரோஜினியின் மொத்த உயரமே நாலடி பத்துதான். எட்மண்ட் எழுந்து, சுவரில் முதுகை ஒட்டி நின்று, தன் மூக்கு நுனிக்கு நேராகப் பென்சிலை வைத்து ஒரு கோடு கிழித்தார். திரும்பி, இஞ்ச் டேப்பால் தரையிலிருந்து அளந்தார். இரண்டு தடவை அளந்தார். இரண்டு தடவையும் அதே ஐந்தடி மூன்று.

தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார். சாயங்காலம் அபிகாயில் வந்ததும், "திருப்பி அனுப்பறாங்களாம்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை லென்ஸ் திரும்பி வந்தது. சுகுமார் படியேறவில்லை. "கேட்ல மாட்டிட்டேன் சார், எட்த்துக்கோ" என்று தெருமுனையிலிருந்து போன் செய்தான். அபிகாயில் விடவில்லை. கம்பெனியின் மேலிடத்துக்கே எழுதிப் போட்டு, சண்டை பிடித்து, செவ்வாய்க்கிழமை மறுபடி எடுத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிட்டாள்.

"அதுவரைக்கும் பொட்டியப் பிரிக்காதீங்கப்பா. அப்புறம் அதையே ஒரு சாக்காச் சொல்லுவாங்க."

திங்கட்கிழமை மதியம் எட்மண்ட் பெட்டியைப் பிரித்தார்.

அது எங்கே வந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். ஊர்ப்பட்ட அளவுகளை எடுத்தவருக்கு இந்த ஓர் அளவு தெரியாமல் இருப்பது ஒப்பவில்லை.

தரையில் சாக்கட்டிக் கோடுகள் பாதி அழிந்து இருந்தன. டப்பாக்களை வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, எட்டாவது டப்பாவைக் குறி வைத்தார். மேகம் கறுத்து, பகல் இரண்டரை மணிக்கு ஹால் மங்கிக் கிடந்தது. யூடிகொலோன் வாசனை வந்தது. அதற்குள் ரோஜா மாலை வாடும் வாசனையும் கலந்திருந்தது.

எடுத்தார். மூன்றாவது டப்பா.

மறுபடி எடுத்தார். இரண்டாவது.

வெறும் கண்ணால் நிமிர்ந்து பார்த்தார். எதிரே ஜன்னல், சுவர், டப்பாக்கள். அவருக்கும் அவற்றுக்கும் இடையில் காற்று மட்டும்.

பாதத்தின் வழியாகச் சத்தம் ஏறியது. ம்ம்.

கேமராவை மறுபடியும் கண்ணில் வைத்தார். லென்ஸுக்குள் மோட்டார் தானாகவே சுழன்றது. அவர் பட்டனைத் தொடவில்லை. கடைசிவரை சுழன்று முட்டியது. பின்வாங்கி மறுபடி முட்டியது. டிக். டிக். ஒன்றரை அடிக்குக் கிட்டே எது வந்தாலும் அந்த லென்ஸால் பார்க்க முடியாது. அதன் எல்லை அவ்வளவுதான்.

டிக். டிக்.

கேமராவுக்குள் எல்லாம் வெளுத்தது. கண்ணிலிருந்து எடுத்துப் பார்த்தால் லென்ஸின் முன்கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடியும் படர்ந்தது. அவர் கன்னத்தில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர் பட்டது.

டிக்.

நின்றது.

ஆவி தானாக வற்றியது. மோட்டார் அமைதியாகச் சுழன்று, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஓரிடத்தில் போய் நின்றது. கேமராவுக்குள் எட்டாவது டப்பா. அதன் மேல் ஒட்டிய தாளில் சரோஜினி எழுதியிருந்த 'தனியாத்தூள்' என்ற எழுத்துகள், மை கசிந்த இடம்வரை தெரிந்தன.

கதவு திறந்தது. அபிகாயில் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மழை என்பதால் சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம். கேமராவும் கையுமாக அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். எட்மண்ட் கேமராவை அவள் பக்கம் திருப்பி அழுத்தினார்.

அவள் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய முடி, இமையில் தொங்கிய ஒரு சொட்டு மழைநீர், அதற்குள் தலைகீழாகத் தெரிந்த ஜன்னல்.

"அப்பா! சரியாயிடுச்சுப்பா! எவ்ளோ நல்லா வந்திருக்கு பாருங்க!"

அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. எட்மண்ட் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். அவளுடைய ஈரமும் சூடும் ஒரு பக்கக் கன்னத்தில் தெரிந்தது. இன்னொரு கன்னம் மரத்துப்போயிருந்தது.

"இத நாமளே வெச்சுக்கலாம்ப்பா."

"வேணாம். அனுப்பிடு."

"ஏன்? அதான் நல்லா எடுக்குதே?"

அவருக்கும் அவர் குறி வைத்ததற்கும் இடையில் பத்து நாளாக நின்றது இப்போது இடையில் இல்லை. அது பின்வாங்கவில்லை என்பதை அவர் எப்படிச் சொல்வார்? தாண்டி வந்துவிட்டது. லென்ஸுக்கு இனி அதைப் பார்க்க வழியில்லை.

"அனுப்பிடும்மா," என்றார் மறுபடியும்.

செவ்வாய்க்கிழமை சுகுமார் கேட்டருகே நின்று, காதைத் தீட்டிக் கேட்டான். பிறகுதான் உள்ளே வந்தான்.

"இன்னிக்கு அந்தச் சத்தம் இல்ல சார்," என்றான் நிம்மதியாக.

எட்மண்ட் தலையாட்டினார். ஹாலில் சத்தம் இல்லைதான். அது நேற்று மாலையிலிருந்து அவர் காதுக்கு உள்பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பொருள் கிடைத்துவிட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

அடுத்த வாரம் அபிகாயில் கிளம்பினாள். தாம்பரம் ஸ்டேஷனில் ஐதராபாத் வண்டி நின்றது. வெயில் அடித்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டு, வாசலில் நின்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போங்க. வேற லென்ஸ் வாங்கி அனுப்பறேன், கேமராவ மறுபடி மூலைல போட்டுடாதீங்க." பிறகு மூக்கைச் சுருக்கினாள். "யூடிகொலோன் போட்டுகிட்டீங்களா? கை வேற ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"காலைல குளிச்ச ஈரம்."

வண்டி நகர்ந்தது. அவள் கை ஆட்டிக்கொண்டே போனாள். அழ வேண்டிய இடம் இது என்று எட்மண்டுக்குத் தெரிந்தது. தொண்டையை ஒருமுறை கனைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு நடந்தார்.

பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் நேரில் போய்க் கையெழுத்துப் போடுவார்கள். இப்போது முகத்தைக் காட்டினால் போதும். டிசம்பர் முதல் வாரத்தில் எட்மண்ட் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனார். காலை பத்தரை மணி. சின்ன அறை. பெஞ்சில் அவரைப்போல ஐந்தாறு பேர். கடையை நடத்தும் சாமுண்டீஸ்வரி என்ற பெண் செல்போனை ஒரு சிறு தாங்கியில் நிறுத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடித்துக்கொண்டிருந்தாள். எட்மண்டின் முறை வந்தது.

"கண்ணாடியக் கழட்டிடுங்க சார். நேராப் பாருங்க." அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சார், உங்க அண்ணனக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. ரெண்டு முகம் தெரிஞ்சா எடுக்காது."

"எனக்கு அண்ணன் இல்லம்மா," என்றார் எட்மண்ட்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பக்கத்தில் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"சரி விடுங்க, இப்ப ஒண்ணுதான் வருது. கண்ணத் திறங்க சார்."

எட்மண்ட் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

"திறந்துதாம்மா இருக்கு."

"இல்ல சார், மூடியே இருக்கு. முகம் மேட்ச் ஆயிடுச்சு, கண்ணத் திறந்தாத்தான் மேல போகும். நல்லாத் திறங்க."

அவர் இமைக்கவில்லை. மூச்சும் விடவில்லை. சுவரில் மின்விசிறி கர்ரென்று திரும்பி இந்தப் பக்கம் வந்தது. பெஞ்சில் யாரோ இருமினார். காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று அடங்கியது.

போன் டிங் என்றது.

"ஆங், இப்பத் திறந்துட்டீங்க. அவ்ளோதான் சார், முடிஞ்சுது."

அச்சு இயந்திரம் தாளைத் தள்ளியது. அவர் பெயர், அவர் எண், அடுத்த வருஷம்வரை செல்லும் என்ற வரி. எல்லாம் சரியாக இருந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எட்மண்ட் எழுந்தார்.

ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய கதவு அது. பென்ஷன் ஆபீஸில் பார்த்துப் பார்த்துப் பழகிய சம்பந்தம் என்ற வயசாளி உள்ளே வரவிருந்தவர், எட்மண்டைப் பார்த்ததும் சிரித்து, படியிலேயே ஒதுங்கி வழி விட்டார். எட்மண்ட் தலையசைத்துவிட்டு இறங்கி வெயிலுக்கு வந்தார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

சம்பந்தம் இன்னும் உள்ளே போகவில்லை. சுவரோடு ஒட்டி, மரியாதையாக ஒதுங்கியே நின்றார். யாருமில்லாத வாசலில், வெளியே வரும் இன்னொருவருக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்.